மனந்திரும்பிய மாநகரம்

இறைத்தூதர்களின் வரலாறுகளைப் படிக்கும்பொழுது பெரும்பாலும் ஒரே வகையான முடிவையே நாம் காண்கிறோம். தூதர் வருகிறார், எச்சரிக்கிறார், மக்கள் எள்ளி நகையாடுகின்றனர், ஏழை எளியோர் சிலர் மட்டும் பின்பற்றுகின்றனர், இறுதியில் ஊர் அழிகிறது. நூஹ் (அலை) அவர்களின் மக்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. ஹூத் (அலை) அவர்களின் ஆது கூட்டத்தாரைக் கடுங்காற்று வேரற்ற ஈச்ச மரங்களைப் போலச் சாய்த்தது. ஸாலிஹ் (அலை) அவர்களை மறுத்த ஸமூது கூட்டத்தார் பேரோசைக்கு இரையாயினர். லூத் (அலை) அவர்களின் ஊரோ தலைகீழாகப் புரட்டப்பட்டது.

இந்த வரிசையில் ஒரே ஓர் ஊர் மட்டும் விலகி நிற்கிறது. தண்டனை தலைக்கு மேல் வந்து நின்ற வேளையிலும் தப்பிப் பிழைத்த ஊர் அது. நீனவா என்பது அதன் பெயர். கிறிஸ்தவ அன்பர்கள் நினிவே என்பர். அவ்வூருக்கு அனுப்பப்பட்டவர் யூனுஸ் (அலை) அவர்கள். யூதர்களின் வேதத்திலும் கிறிஸ்தவர்களின் வேதத்திலும் அவர்கள் யோனா என வழங்கப்படுகிறார்கள்.

சிறு வயதில் இவ்வரலாற்றைக் கேட்கும் எவரும் மீனைத்தான் நினைவில் வைத்துக்கொள்கின்றனர். அவ்வளவு பெரிய மீன், அதன் வயிற்றில் ஒரு மனிதர் என்றால் குழந்தை உள்ளம் வேறு எதை நினைக்கும்? வளர்ந்த பின்னரும் நம்மில் பலர் மீனோடு நின்றுவிடுகிறோம். அந்த மீன் எதற்காக வந்தது, அதற்கு அப்பால் இருந்த ஊர் என்னவாயிற்று என்பதைக் கேட்பவர் குறைவு. இன்று அந்த ஊரைப் பற்றிப் பேசுவோம்.

ஈராக் நாட்டின் வடபகுதியில், திக்ரிஸ் என்னும் தஜ்லா ஆற்றின் மேற்குக் கரையில் பழைய மோசுல் நகரம் இருக்கிறது. எதிரே கிழக்குக் கரையில் இரண்டு மண்மேடுகள். ஒன்றின் பெயர் குயுஞ்சிக். மற்றொன்றின் பெயர் நபி யூனுஸ். இவ்விரு மேடுகளையும் வளைத்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஓடும் பழைய மதிலின் எச்சங்கள் இன்றும் உள்ளன. இதுவே நீனவா.

1840 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயரான லேயார்டு குயுஞ்சிக் மேட்டைத் தோண்டினார். சன்ஹெரிப் மன்னனின் அரண்மனை வெளிப்பட்டது. பின்னர் அசுர்பனிப்பால் மன்னனின் நூலகம் கிடைத்தது. அங்கிருந்து எடுக்கப்பட்டு இலண்டன் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள களிமண் ஏடுகளும் துண்டுகளும் 30,000-க்கு மேற்பட்டவை. அரண்மனைச் சுவர்களிலே செதுக்கப்பட்டிருந்த காட்சிகள்தாம் நம் கவனத்துக்குரியவை. பாலஸ்தீன நாட்டின் லாக்கீசு என்னும் கோட்டை முற்றுகையிடப்பட்ட காட்சி அவற்றுள் ஒன்று. பிடிபட்டவர்கள் கழுவேற்றப்படுகின்றனர்; சிலருடைய தோல் உரிக்கப்படுகிறது; பெண்டிரும் பிள்ளைகளும் மூட்டை முடிச்சுகளோடு நாடு கடத்தப்படுகின்றனர். எதிரி எழுதிவைத்த அவதூறு அல்ல இது. மன்னனே பெருமையாகத் தன் வீட்டுச் சுவரில் செதுக்கி வைத்தவை.

யோனா என்பவர் இரண்டாம் எரோபெயாம் என்ற இஸ்ரவேல் மன்னனின் காலத்தவர் என்று யூதர்களின் வேதத்திலுள்ள அரசர் வரலாறு குறிப்பிடுகிறது. அது கி.மு. எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி. அதே நூற்றாண்டு முடிவதற்குள், கி.மு. 722 ஆம் ஆண்டளவில், அசீரியப் படைகள் சமாரியாவை வீழ்த்தி இஸ்ரவேல் மக்களை நாடு கடத்தின. லாக்கீசு முற்றுகை அதற்குப் பின் 701 ஆம் ஆண்டில். அப்படியானால், நீனவாவுக்குப் போய் அவர்களைத் திருத்துக என்ற கட்டளையின் பளு எத்தகையது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அண்டை வீட்டாரைத் திருத்தப் போவது ஒன்று. தன் இனத்தையே விழுங்கக் காத்திருக்கும் வல்லரசுக்குப் பிழைக்கும் வழி சொல்லப் போவது முற்றிலும் வேறு.

பிறகு நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். திருக்குர்ஆன் நான்கு இடங்களில் யூனுஸ் (அலை) அவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வேறு இரண்டு இடங்களில் மீனுக்குரியவர், மீன் தோழர் என்ற அடைமொழிகளால் குறிக்கிறது. அவர்களின் பெயரையே தாங்கிய பத்தாம் அத்தியாயத்தில் 109 வசனங்கள் இருந்தும், அவர்களின் மக்களைப் பற்றிய செய்தி ஒரே ஒரு வசனத்தில்தான் வருகிறது. அந்த ஒரு வசனத்துக்குப் பின்னர் வருவோம்.

அவர்கள் சினந்து ஊரை விட்டுச் சென்றார்கள். சரக்கும் ஆட்களும் நிறைந்த மரக்கலத்தை அடைந்தார்கள். அந்தச் செல்கையைக் குறிக்க 37 ஆம் அத்தியாயம் ஆளும் அரபுச் சொல், எசமானனிடமிருந்து தப்பியோடும் அடிமைக்கு வழங்கும் சொல். அல்லாஹ்வின் தூதர் ஒருவருக்கு இச்சொல் ஆளப்பட்டிருப்பதைக் கண்டு உள்ளம் நடுங்கிய விரிவுரையாளர்கள், அவர்கள் கட்டளையை மறுத்தவரல்லர், அனுமதி வருமுன் இடம் பெயர்ந்தவர் என்று அளந்து பேசுவர். தூதர்களைப் பற்றிப் பேசுகையில் அந்த அளவும் அடக்கமும் நமக்கும் வேண்டும். யூனுஸ் பின் மத்தாவைவிட நான் சிறந்தவன் என்று எவரும் சொல்லலாகாது என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. தவறியவர் என்று எண்ணி எவரும் அவர்களை இழிவாகக் கருதிவிடக் கூடாதே என்ற பரிவு அத்தடையில் ஒலிக்கிறது.

சீட்டுக் குலுக்கல், மீன் விழுங்குதல் ஆகியவை இரு வேதங்களுக்கும் பொதுவானவை. மீன் வயிற்றில் அவர்கள் கேட்ட துஆ மூன்றே கூறுகளைக் கொண்டது. உன்னையன்றி வணக்கத்துக்குரியவன் வேறில்லை என்பது ஒன்று. நீ தூயவன் என்பது மற்றொன்று. நான் அநீதியாளருள் ஒருவனாகிவிட்டேன் என்பது மூன்றாவது. இருளிலிருந்து என்னை வெளியேற்று என்ற கோரிக்கைகூட அதில் இல்லை. நம் வீடுகளில் நோய் வந்தாலும், கடன் நெருக்கினாலும், பெரியோர்கள் ஆயிரக்கணக்கில் ஓதச் சொல்வது இந்த திக்ரைத்தான். ஓதும் எண்ணிக்கையைக் கணக்கிடும் நாம் மூன்றாவது கூறில் சற்று நின்று போனால் நன்று. குற்றவாளி நான் என்று ஒப்புக்கொள்ளும் அந்த இடத்தில்தான் அந்தத் துஆவின் உயிர் இருக்கிறது.

வாசகர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஊருக்குத் தவ்பாவைக் கற்பிக்கச் சென்றவர், முதலில் தாமே தவ்பாச் செய்தார். தவ்பா என்றால் திரும்புதல். எபிரேய மொழியில் தெஷுவா என்பர். அதற்கும் பொருள் திரும்புதலே. நம் தமிழில் திரும்புதலும் திருந்துதலும் அடுத்தடுத்த வீட்டுச் சொற்களைப் போல் ஒலிப்பதும் ஓர் அழகு. போகக் கூடாத வழியில் போனவர் மீண்டும் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவரப்பட்டார். அதன் பிறகு ஓர் இலட்சம் பேருக்கு, அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு அவர்களை அனுப்பியதாக இறைவன் கூறுகிறான். யோனாவின் நூலோ வலக்கை இடக்கை வேறுபாடு அறியாத 1,20,000 பேர் அவ்வூரில் இருந்தனர் என்று சொல்கிறது. முன்னரே தூதராக இருந்தவர் மீண்டும் அனுப்பப்பட்டாரா, அன்றி முதன்முறையாகவா என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நமக்கு அது தடையாகாது.

அவர்கள் அவ்வூரில் ஆற்றிய சொற்பொழிவு என்ன? எபிரேய நூலில் அது ஐந்தே சொற்கள். இன்னும் நாற்பது நாளில் நீனவா புரட்டப்படும் என்பது அதன் கருத்து. ஐந்து சொற்களால் ஒரு பேரூர் திரும்பிற்று என்றால், மணிக்கணக்கில் மேடையில் முழங்கிவிட்டு ஒருவரும் திருந்தவில்லையே என்று வருந்தும் நாம் வெட்கப்பட வேண்டியதுதான். அந்தக் கடைசிச் சொல்லில் ஒரு நுட்பமும் உண்டு. புரட்டப்படும் என்பதற்கு அழிக்கப்படும் என்றும் பொருள் கொள்ளலாம். உருமாறிவிடும் என்றும் பொருள் கொள்ளலாம். லூத் (அலை) அவர்களின் ஊருக்கு நேர்ந்ததைக் குறிக்கவும் அதே வினைதான் அந்நூல்களில் வருகிறது. 11 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ராஷி என்ற யூத உரையாளர் இந்த இருபொருளைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். சொன்ன சொல் பொய்க்கவில்லை. நீனவா புரளத்தான் செய்தது. கல்லும் மண்ணும் புரளவில்லை, நெஞ்சங்கள் புரண்டன.

அசீரியரின் களிமண் ஏடுகளில் இந்நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் கிடைத்ததில்லை. கிடைக்காததில் வியப்பும் இல்லை. கழுவேற்றியதைச் சுவரில் செதுக்கும் மன்னர்கள், அழுததைச் செதுக்குவார்களா?

யோனாவின் நூல் சொல்வதைக் கேளுங்கள். மன்னன் அரியணையை விட்டு இறங்கினான். அரச உடையைக் களைந்தான். கோணி உடுத்திச் சாம்பலில் அமர்ந்தான். மனிதர் மட்டுமன்றி ஆடு மாடுகளும் உண்ணாமல் பருகாமல் இருக்க வேண்டும் என்று பறைசாற்றினான். நம் விரிவுரை நூல்களும் இதனை ஒத்த காட்சியையே தருகின்றன. மக்கள் திறந்தவெளிக்கு வந்தனர். தாயையும் சேயையும் பிரித்து நிறுத்தினர். கால்நடைகளிலும் கன்றைத் தாயிடமிருந்து பிரித்தனர். எல்லா உயிர்களின் ஓலமும் ஒன்றாக விண்ணை நோக்கி எழுந்தது.

ஓலம் எளிது. அழுவதற்கு அச்சம் ஒன்றே போதும். புயலில் சிக்கிய எந்த மரக்கலத்திலும் அழுகை உண்டு. கரை கண்டதும் அது நின்றுவிடும் என்று திருமறையே பலகாலும் சொல்கிறது. அப்படியானால் நீனவாவாரின் தவ்பாவை ஏற்கத்தக்கதாக ஆக்கியது எது?

நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் விளக்கமாக விரிவுரையாளர்கள் எடுத்தெழுதும் ஒரு செய்தி இங்கேதான் ஒளிவிடுகிறது. நீனவா மக்கள் ஒருவருக்கொருவர் இழைத்திருந்த அநீதிகளை யெல்லாம் திருப்பிக் கொடுத்தனர். எந்த அளவுக்கெனில், பிறனுடைய கல் ஒன்றைத் தன் வீட்டின் அடித்தளத்தில் வைத்துக் கட்டியிருந்தவன்கூட, அந்தக் கல்லைப் பெயர்த்தெடுத்து உரியவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அடித்தளத்துக் கல்! மேலே சுவர் எழும்பியாயிற்று, கூரை போட்டாயிற்று, குடும்பம் குடியேறியாயிற்று. அந்தக் கல் அங்கே இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. இழந்தவன் மறந்தே போயிருப்பான். ஒருவேளை இறந்தும் போயிருப்பான். ஆயினும் அது தன்னுடையதன்று என்று கட்டியவனுக்குத் தெரியும். அதனைப் பெயர்த்தால் வீடு ஆட்டங்காணும் என்பதும் தெரியும். தெரிந்தே கடப்பாரையைக் கையில் எடுத்தான்.

வியப்பு என்னவென்றால், யூதர்களின் தல்மூதிலும் இதே கருத்து இருக்கிறது. தாஅனித் என்ற பகுதியில், நீனவாவார் தம் கைகளிலிருந்த கொடுமையை விட்டுத் திரும்பியதற்கு விளக்கம் கூறும் ஷமுவேல் என்ற அறிஞர், திருடிய மரத்தூலம் ஒன்றை மாளிகையில் வைத்துக் கட்டியிருந்தால் மாளிகையையே இடித்துத் தூலத்தை உரியவனிடம் சேர்ப்பித்தனர் என்று கூறுகிறார். அதே பகுதியில் இன்னொன்றும் உண்டு. மழையில்லாக் காலத்தில் ஊரார் நோன்பிருக்கையில் மூத்தவர் எழுந்து சொல்ல வேண்டிய அறிவுரை அது. நீனவாவைப் பற்றி வேதம் பேசும்பொழுது, அவர்களின் கோணியையும் நோன்பையும் இறைவன் பார்த்தான் என்று கூறவில்லை, அவர்களின் செயல்களைப் பார்த்தான் என்றே கூறுகிறது என மூத்தவர் நினைவூட்டுவார். கூஃபாவில் வாழ்ந்த நபித்தோழர் பெயராலும், பாபிலோனின் யூத அறிஞர் பெயராலும் கல்லும் தூலமுமாக ஒரே செய்தி வழங்கி வருகிறது. எவரிடமிருந்து எவர் கேட்டார் என்ற ஆராய்ச்சியை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். இரு சமுதாயத்தாரும் நீனவாவின் பெயரைக் கேட்டதும் பிறர் பொருளைத் திருப்பிக் கொடுத்தலையே நினைத்தனர் என்பது போதும்.

இப்பொழுது அந்த ஒரு வசனத்துக்கு வருவோம். பத்தாம் அத்தியாயத்தின் 98 ஆம் வசனத்தில் இறைவன் ஓர் ஏக்கம் போன்ற தொனியில் கேட்கிறான். ஓர் ஊரேனும் உரிய வேளையில் நம்பிக்கை கொண்டு, அந்த நம்பிக்கையால் பயனடைந்திருக்கலாகாதா என்பது கேள்வியின் கருத்து. யூனுஸின் மக்களைத் தவிர என்று ஒரு விலக்கு உடனே வருகிறது. இழிவு தரும் வேதனையை அவர்களை விட்டு நீக்கி, ஒரு காலம் வரை அவர்களை வாழ்வை நுகரச் செய்ததாகக் கூறி வசனம் முடிகிறது. அழிந்த ஊர்களின் கதையை மக்கத்துக் குறைஷிகளுக்கு எடுத்துரைத்த மறை, அழியாத ஊரின் கதையையும் அவர்கள் முன் வைத்தது. அச்சத்தோடு நம்பிக்கைக்கும் ஒரு முன்மாதிரி வேண்டுமல்லவா? ஈஸா (அலை) அவர்களும் தம் காலத்தாரிடம் நீனவாவாரையே சான்றாகக் காட்டினார்கள், தீர்ப்பு நாளில் அவர்கள் எழுந்து உங்களுக்கு எதிராக நிற்பர் என்று எச்சரித்தார்கள் என மத்தேயுவின் நூல் தெரிவிக்கிறது.

ஒரு காலம் வரை என்ற சொற்களையும் கடந்து போய்விடாதீர்கள். இரண்டாம் எரோபெயாமின் காலத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு சென்றபின், கி.மு. 612 ஆம் ஆண்டில், மேதியரும் பாபிலோனியரும் கூடி வந்து நீனவாவைத் தரைமட்டமாக்கினர். பாட்டன் பெயர்த்துக் கொடுத்த கல்லைப் பேரன் மீண்டும் பிடுங்கிக்கொண்டால், பாட்டனின் தவ்பா பேரனுக்கு எப்படி உதவும்? புத்துயிர் என்பது வாரிசுச் சொத்தாக வருவதில்லை. அதனால்தான் தூதர்கள் ஒருவர் பின் ஒருவராக வர வேண்டியிருந்தது.

மீனிலிருந்து வெளிப்பட்ட யூனுஸ் (அலை) அவர்களுக்கு நிழல் தந்த செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருமறை அதனை யக்தீன் என்கிறது. பெரும்பாலான விரிவுரையாளர்கள் சுரைக்கொடி என்பர். தமிழ்க் கிறிஸ்தவர்களின் வேதத்தில் அது ஆமணக்குச் செடி. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு சுரை என்றே கொண்டது. பின்னர் ஜெரோம் என்ற அறிஞர் இலத்தீனில் பெயர்க்கும்போது வேறொரு கொடியின் பெயரை இட்டுவிட்டார். அதைக் கேட்டு வட ஆப்பிரிக்காவில் ஒரு தேவாலயத்து மக்கள் கொந்தளித்து எழுந்ததாக அகுஸ்தீன் அவருக்கே கடிதம் எழுதினார். எந்தச் செடி என்று சண்டையிட்டவர்கள், எதற்காக அந்தச் செடி என்று கேட்டார்களோ என்னவோ! நம்மிடையேயும் இத்தகைய சுரைக்காய்ச் சண்டைகளுக்குப் பஞ்சமில்லை.

எதற்காக என்பதை யோனாவின் நூல் தன் முடிவில் சொல்கிறது. வாடிப்போன செடிக்காக வருந்திய அவரிடம், நீ நட்டு வளர்க்காத செடிக்கு இவ்வளவு இரங்குகிறாயே, இத்தனை மனிதரும் கால்நடைகளும் நிறைந்த நகருக்கு நான் இரங்கலாகாதா என்ற பொருளில் இறைவன் கேட்கிறான். கேள்வியோடு நூல் நின்றுவிடுகிறது. யோனா என்ன விடை சொன்னார் என்பது அதில் இல்லை.

அந்த விடையை நாம் தாயிஃபில் காண்கிறோம்.

கி.பி. 619 ஆம் ஆண்டளவில், துணைவியார் கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த துயர ஆண்டில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாயிஃப் நகருக்குச் சென்றார்கள். ஸகீஃப் கோத்திரத் தலைவர்கள் மூவர், அம்ரின் மக்கள், முகம் கொடுக்கவில்லை. போக்கிரிகளையும் அடிமைகளையும் ஏவிவிட்டனர். கல்லெறி பட்டுக் கால்கள் குருதி கசிய, உத்பா, ஷைபா என்னும் சகோதரர்களின் தோட்டத்து மதிலோரம் அண்ணலார் ஒதுங்கினார்கள். பகைவர்களேயானாலும் அந்நிலையைக் கண்டு இரங்கிய அச்சகோதரர்கள், அத்தாஸ் என்ற தம் கிறிஸ்தவ அடிமையிடம் ஒரு தட்டில் திராட்சைக் குலையைக் கொடுத்தனுப்பினர். அண்ணலார் பிஸ்மில்லாஹ் என்று கூறி உண்ணத் தொடங்கினார்கள். இந்நாட்டார் சொல்லும் சொல் அன்றே இது என்று அத்தாஸ் வியந்தார். எந்த ஊர், எந்தச் சமயம் என்று அண்ணலார் வினவ, கிறிஸ்தவன், நீனவாவைச் சேர்ந்தவன் என்று விடையளித்தார். நல்லடியார் யூனுஸ் பின் மத்தாவின் ஊரா என்று கேட்டார்கள் அண்ணலார். திகைத்துப்போன அத்தாஸ், யூனுஸை உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார். அவர் என் சகோதரர், அவரும் நபி, நானும் நபி என்ற கருத்தில் அண்ணலார் மறுமொழி கூறவும், அத்தாஸ் குனிந்து அவர்களின் தலையையும் கைகளையும் கால்களையும் முத்தமிட்டார். இப்னு இஸ்ஹாக் வரைந்த வரலாற்றில் இக்காட்சி உள்ளது.

தாயிஃப் முழுவதும் துரத்திய நாளில், ஆறுதலாக வந்தவர் மனந்திரும்பிய மாநகரத்தைச் சேர்ந்த ஒருவர்!

தொடக்க காலத்தில் இறங்கிய அத்தியாயங்களுள் ஒன்றான 68 ஆம் அத்தியாயத்தில், பொறுத்திருப்பீராக, மீன் தோழரைப் போல் ஆகிவிடாதீர் என அண்ணலாருக்கு முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது. அதற்குரிய சோதனை நாள் இதுதான். திரும்பும் வழியில் மலைகளுக்குரிய வானவர் தோன்றி, விரும்பினால் இரு மலைகளையும் இவர்கள் மீது கவிழ்க்கிறேன் என்றார். உஹதைக் காட்டிலும் கொடிய நாள் உங்களுக்கு இருந்ததா என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டதற்கு அண்ணலார் இந்த நாளைத்தான் எடுத்துக் கூறினார்கள். வானவருக்கு அவர்கள் அளித்த விடை, வேண்டாம் என்பதே. இவர்களின் வழித்தோன்றல்களிலிருந்தேனும் ஒருவனை மட்டும் வணங்குவோர் வருவர் என்று நம்புவதாகக் கூறினார்கள்.

வழித்தோன்றல் வரையில்கூடக் காத்திருக்க நேரவில்லை. ஹிஜ்ரி 9 ஆம் ஆண்டில், அதாவது ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் கழித்து, ஸகீஃப் கோத்திரத்தின் தூதுக்குழு மதீனாவுக்கு வந்து இஸ்லாத்தை ஏற்றது. அக்குழுவின் தலைவர் அப்து யாலீல் பின் அம்ர். அன்று தாயிஃபில் முகம் திருப்பிய மூன்று சகோதரர்களுள் ஒருவராக இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுபவர் இவரே.

வாசகர்களே, இனிச் சொல்லப்போவது மகிழ்ச்சி தருவதன்று.

நபி யூனுஸ் மேட்டின் மீது நெடுங்காலமாக ஒரு பள்ளிவாசல் இருந்துவந்தது. யூனுஸ் (அலை) அவர்கள் அங்கே அடக்கமாகியிருப்பதாக மக்கள் நம்பினர். பாலஸ்தீனத்தின் ஹல்ஹூலிலும், நாசரேத்துக்கு அருகிலுள்ள மஷ்ஹதிலும் அதே நம்பிக்கை உண்டு. பள்ளிவாசலுக்கு முன் அவ்விடத்தில் கிழக்குத் திருச்சபையாரின் மடம் இருந்தது. அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் இன்றளவும் ஆண்டுதோறும் பெரிய நோன்புக்கு மூன்று வாரங்கள் முன்னதாக நீனவா நோன்பு என்று மூன்று நாள் நோற்கின்றனர். நம் அண்டையில் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் மூன்று நோம்பு என்பதும் அதையே. குறவிலங்காட்டுத் தேவாலயத்தில் அந்நாளில் யோனாவின் மரக்கலத்தை நினைவூட்டும் கப்பல் ஊர்வலம் நடைபெறும். யூதர்களோ பாவமன்னிப்புப் பெருநாளின் பிற்பகல் தொழுகையில் யோனாவின் நூலை முழுமையாக ஓதுகின்றனர். மூன்று சமுதாயத்தாரும் ஒரே ஊரின் தவ்பாவை இவ்வாறு நினைவில் வைத்துள்ளனர்.

2014 ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஐஎஸ் என்ற ஆயுதக் கும்பல் மோசுலைக் கைப்பற்றியது. ஜூலையில் கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் ஓர் அரபு எழுத்தைத் தீட்டினர். நஸ்ரானி என்ற சொல்லின் முதல் எழுத்தான நூன் அது. மதம் மாறு, இல்லையேல் வரி கட்டு, இல்லையேல் வெளியேறு, மறுத்தால் வாள் என்றனர். நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் உடுத்திய உடையோடு வெளியேறின; அவர்களின் வீடுகளும் பொருள்களும் பறிக்கப்பட்டன. அடுத்த சில நாட்களில், ஜூலை 24 அன்று, நபி யூனுஸ் பள்ளிவாசலை வெடி வைத்துத் தகர்த்தனர்.

அவர்கள் தீட்டிய நூன் என்ற எழுத்து எத்தகையது என்பதை அவர்கள் எண்ணியிருப்பார்களா? நூன் என்றால் மீன். யூனுஸ் (அலை) அவர்களுக்குத் திருமறை சூட்டிய அடைமொழி துன்னூன். மீன் தோழரைப் பற்றிப் பேசும் 68 ஆம் அத்தியாயம் தொடங்குவதே அந்த எழுத்தில்தான். பிறர் கல்லைத் தன் அடித்தளத்திலிருந்து பெயர்த்துக் கொடுத்தவர்களின் ஊரில், பிறர் வீட்டையே பறிப்பதற்கு அந்த எழுத்து அடையாளமாயிற்று. பறித்தவர்கள் நாவில் இருந்ததும் நாம் ஓதும் அதே கலிமாதான் என்பதை எண்ணும்பொழுது, அவர்கள் வேறு நாம் வேறு என்று எளிதில் தட்டிக்கழித்துவிட மனம் ஒப்பவில்லை. மார்க்கத்தின் பெயரால் நடந்த பறிப்பை, மார்க்கத்தை நேசிப்பவனே முதலில் உரத்துக் கண்டிக்க வேண்டும்.

2017 ஆம் ஆண்டு ஜனவரியில் ஆற்றின் கிழக்குக் கரை மீட்கப்பட்டது. தகர்க்கப்பட்ட பள்ளிவாசலின் அடியில் கொள்ளையர்கள் குடைந்திருந்த சுரங்கங்களில் இறங்கிப் பார்த்தவர்கள், சன்ஹெரிபின் மகன் எசர்ஹத்தோன் மன்னனின் கல்வெட்டுகளையும் அரண்மனையின் பகுதிகளையும் கண்டனர். விற்கத்தக்க சிறு பொருள்கள் பல அதற்குள் களவு போயிருந்தன. ஜூலை மாதம் நகர் முழுவதும் மீண்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, மேற்குக் கரையிலிருந்த நூரி பள்ளிவாசலையும் அதன் சாய்ந்த கோபுரமான ஹத்பாவையும் அக்கும்பல் வெடி வைத்து வீழ்த்தியிருந்தது.

யுனெஸ்கோ நிறுவனம், ஐக்கிய அரபு அமீரகத்தின் பொருளுதவியோடு, அந்தப் பள்ளிவாசலையும், அதன் அருகிலுள்ள தாஹிரா, ஸாஆ என்னும் இரண்டு கிறிஸ்தவ ஆலயங்களையும் ஒரே திட்டத்தின் கீழ் மீண்டும் எழுப்பியது. முதலில் கண்ணிவெடிகளை அகற்ற வேண்டியிருந்தது. பின்னர் மோசுல் நகர இளைஞர்கள் கல்தச்சும் கொத்து வேலையும் பயின்று பணியில் இறங்கினர். சிதறிக் கிடந்த இடிபாட்டுக் குவியல்களைக் கையால் துழாவி, உடையாத பழைய செங்கற்களைப் பல்லாயிரக்கணக்கில் பொறுக்கித் துடைத்து, தனியே அடுக்கினர். 2025 ஆம் ஆண்டில் ஹத்பா கோபுரம் மீண்டும் முன்போலவே சாய்ந்து நின்றபொழுது, அந்தப் பழைய செங்கற்கள் அதற்குள் திரும்பி வந்திருந்தன.